நிழலோடு சண்டை – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். போன மாதக் கட்டுரையில், இரவு எழுதி முடித்த பிறகு ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடாமல் தூக்கம் வராது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். அந்த நேரத்தில் உங்களை ஏதாவது தடிமனான புத்தகத்தோடு கற்பனை செய்துவைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் தம்பிதான் பெரிய ஆட்டக்காரன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி ஒரு கேம் உலகத்தில் இல்லை என்பான். என் பையன் ஒன்பதாம் வகுப்பு, எந்நேரமும் பிஜிஎம்ஐ. நான் கேண்டி க்ரஷ் மட்டும் ஆடுவேன், அதுவும் பஸ்ஸில். உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது? மழுப்பாமல் சொல்லுங்கள். தமிழர்கள் என்பதற்காக எல்லோரும் 'வெண்பா' என்ற கேமைப் பாராட்டியே தீர வேண்டுமா என்று தம்பி கேட்கச் சொன்னான். இதெல்லாம் நேர விரயம் இல்லையா என்பது என் சொந்தக் கேள்வி.

ராஜ்ஜியம் கட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேமில் தம்பி உங்களை அரை மணி நேரத்தில் தோற்கடித்துவிடுவானாம். அதையும் எழுதச் சொன்னான், மன்னிக்கவும்.

கே., திண்டுக்கல்

*

அன்புள்ள கே.,

நேர விரயமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், விரயம்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் திண்ணையில் ஊர்க்கதை பேசுவதும்கூட அப்படித்தான். மூன்றையும் நான் விடுவதாக இல்லை.

மழுப்ப வேண்டாம் என்றீர்கள். அப்படியென்றால் உங்கள் கேண்டி க்ரஷ்ஷிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. 2012-இல் வந்த கேம், நானும் இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன். ஐந்து உயிர் தருவார்கள். போன உயிர் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. ஒரே ஒரு ஜெல்லி பாக்கி இருக்கும்போது நகர்த்தல்கள் தீர்ந்துபோகும். உடனே இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா என்று கடை விரிப்பார்கள். மேலிருந்து எந்த நிற மிட்டாய் விழும் என்பது நம் கையில் இல்லை. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, நான் என்ன செய்ததால் அப்படி ஆனது என்று பாதி நேரம் எனக்குப் புரியாது. பரமபதம் இதைவிட யோக்கியமானது. அதிலும் எல்லாம் தாயக்கட்டை விழுகிறபடிதான். ஆனால் பாம்பு கடித்ததும், பத்து ரூபாய் கொடு, மேலேயே விட்டுவைக்கிறேன் என்று யாரும் கை நீட்டுவதில்லை.

ஒரு கேமை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். தோற்றால் அது என் தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். படம் எப்படி, கதை எப்படி, எத்தனை கோடி செலவு என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது 1995-இல், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். டிபேஸ், கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழிகளைப் படிக்கப் போயிருந்தேன். மாஸ்டர் சாப்பிடப் போனதும் யாராவது ஒரு பையன் ஃப்ளாப்பியை எடுப்பான். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்து 1989-இல் வெளியிட்டது. அறுபது நிமிடத்துக்குள் பாதாளச் சிறையிலிருந்து மேலே ஏறி இளவரசியை மீட்க வேண்டும். கதை அவ்வளவுதான், அரதப் பழசு. ஆனால் அந்த வெள்ளை உடைக்காரன் ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! விளிம்பில் வழுக்கி நின்று, கையை ஊன்றித் தொங்கி, உன்னி ஏறுவான். மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்து வரைந்திருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உடலுக்கு எடை இருக்கிற முதல் கேம் பொம்மை எனக்கு அவன்தான். ஒரு அடி தள்ளி நின்று தாவினால் செத்துப்போவான். அது யார் தப்பு என்பதில் சந்தேகமே வராது.

நான்காவது கட்டத்தில் ஒரு கண்ணாடி வரும். ஓடி வந்து அதற்குள் தாவ வேண்டும். தாவினால் மறுபக்கம் வழியாக உங்கள் நிழல் வெளியே குதித்து ஓடும். அடுத்த கட்டத்தில் நீங்கள் எடுக்கப்போகும் மருந்தை அது குடித்துவிடும். அதற்கடுத்ததில் கதவை மூடி உங்களைக் கீழே விழவைக்கும். கடைசியில், பன்னிரண்டாம் கட்டத்தில், வாளோடு எதிரே வந்து நிற்கும்.

நான் மூன்று வாரம் அதோடு சண்டை போட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் உயிரோடு சேர்த்து என் உயிரும் ஒன்று குறையும். இதில் ஏதோ கோளாறு, ஃப்ளாப்பியில் பூசணம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டு, கை பதறி, தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன். வாள் உறைக்குள் போனது. எதிரே நிழலும் வாளை உறையில் போட்டது. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நடந்து, ஒரே ஆளாகிவிட்டன. மாஸ்டர் பின்னால் நின்று திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்த ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் இளவரசனின் ஓட்டத்தையும் தாவலையும் அடைத்த பிறகு, புதிதாக ஒரு எதிரியை வரைந்து வைக்க இடமே இல்லை. அதனால் மெக்னர் இளவரசனின் அதே படங்களைக் கணக்கில் ஒரு சின்னத் தந்திரம் செய்து ஆவி மாதிரி காட்டினார். இடப் பற்றாக்குறையில் பிறந்த பாத்திரம்! பக்க அளவு போதவில்லை என்று நான் பத்திரிகை ஆசிரியர்களிடம் புலம்பும்போதெல்லாம் அந்த நிழல் ஞாபகம் வரும்.

சரி, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. தம்பி கோபித்துக்கொள்ளட்டும். 2018-இல் வந்தது, 1899-இன் அமெரிக்கா, கொள்ளைக் கூட்டத்தின் கடைசி நாட்கள். அந்த மழையும் சேறும் சாயங்கால வெளிச்சமும் மாதிரி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் ஆண் குதிரையின் விதைப்பை சுருங்குவதைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் மனிதகுலத்தின் மேல் பாசமே வருகிறது. ஆனால் ஒரு மிஷனை, அதாவது கதை கொடுக்கிற ஒரு வேலையை, ஆரம்பித்துப் பாருங்கள். அவர்கள் சொன்ன வழியை விட்டுக் கொஞ்சம் விலகிச் சுற்றிப் போனால் தோல்வி என்று திரையை மூடிவிடுவார்கள். பரந்த வெளியில் மாட்டை அவிழ்த்துவிட்டமாதிரி இருக்கும், மிஷன் தொடங்கியதும் மூக்கணாங்கயிறு. அங்கே நான் தோற்பது என் தப்பால் அல்ல, கதாசிரியரின் பேச்சை மீறியதால். இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதாநாயகன் ஆர்தர் மார்கனுக்கு இருமல் தொடங்கியதிலிருந்து கடைசி வரைக்கும் நான் வேறு எந்த கேமையும் தொடவில்லை. நல்ல நாவல். கேம் என்றால் சுமார்.

எனக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிர். பேப்பர்ஸ், ப்ளீஸ் என்று ஒன்று, லூகாஸ் போப் தனியாளாகச் செய்து 2013-இல் வெளியிட்டது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, வருடம் 1982. நீங்கள் எல்லைச் சாவடி குமாஸ்தா. வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. பொழுது சாய்ந்ததும் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு என்று கணக்கு வரும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும். மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்துவிடுவார்கள்.

ஒரு நாள் ஒருவர் வருவார். எல்லாத் தாளும் சரியாக இருக்கும். அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அம்மாவிடம் நுழைவுச் சீட்டு இருக்காது. நீங்கள் என்ன செய்வீர்கள், கே.? நான் முதல் தடவை விட்டுவிட்டேன், எச்சரிக்கைச் சீட்டு வந்தது. அடுத்த தடவை ஆடும்போது அதே நாளில் ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன். அன்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இல்லாத மகனுக்கு! சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் எத்தனையோ கவுன்டர்களில் நின்று, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளை மனதுக்குள் சபித்திருக்கிறேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தது இந்த ஒரு கேம்தான். அதற்காக இப்போது சபிப்பதில்லை என்று அர்த்தமில்லை.

வெண்பாவுக்கு வருகிறேன். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கும். விட்டுப்போன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் முதல் புதிர், அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அடுத்தது புட்டு. பாராட்டியே தீர வேண்டுமா என்றால், வேண்டாம். புதிர்கள் ரொம்ப லேசு, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், சொதப்பினால் திரும்பச் செய்யலாம். என் அளவுகோலில் அது பாஸ் மார்க்தான் வாங்கும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியதற்கு என் ஒப்புதல் தேவையில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பிற்பகுதியில் அந்தக் குறிப்பேடு மகன் கையில் வந்து சேரும். தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பையன். அதுவரைக்கும் கறையும் கிழிசலும்தான் புதிர், இப்போது எழுத்தே புதிர். அந்த இடத்தில் கதையும் ஆட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. அது தமிழர் செய்தது என்பதற்காக அல்ல, நன்றாக யோசித்துச் செய்தது என்பதற்காகப் பிடித்திருந்தது.

பையனின் பிஜிஎம்ஐ பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு என்னிடம் கெட்ட செய்தி இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இங்கே தடை செய்தார்கள், அடுத்த வருடம் பிஜிஎம்ஐ, அதாவது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, என்ற பெயரில் திரும்பி வந்தது. நூறு பேர் வெறுங்கையோடு விமானத்திலிருந்து குதிக்கிறார்கள், கடைசி வரை நிற்பவர் ஜெயிக்கிறார். ஆட்டமாகப் பார்த்தால் நேர்மையானது. நான் ஆடினால் முதல் ஐந்து நிமிடத்தில் யாராவது ஒரு ஏழாம் வகுப்புப் பையன் சுட்டுவிடுவான், ஏன் சுட்டான் என்பதும் எனக்குத் தெரியும்: வெட்டவெளியில் ஓடியிருப்பேன். எரிச்சலூட்டுவது அதோடு ஒட்டியிருக்கும் கடைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள், சட்டையோ துப்பாக்கிக்குச் சாயமோ வரும். திருவிழாவில் மூடி போட்டு வைத்திருக்கும் லாட்டரிக் கடை மாதிரி. யுபிஐ பின் நம்பரை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.

எல்டன் ரிங் என்ற கேமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தம்பி கேட்பான். மார்கிட் என்று ஆரம்பத்திலேயே ஒரு கிழட்டு ராட்சசன் வழிமறிப்பான். நாற்பது தடவை செத்தேன். நாற்பதும் என் தப்பு. கேம் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், என் விரல்களுக்கு வயதாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

கடைசியாக, தம்பியின் சவால். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999-இல். அப்போது அதில் நம் ஊர்ப் பக்கம் யாருமே கிடையாது. பிறகு இந்தியர்கள் என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். 2022-இல்தான் அதைப் பிரித்து திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று தனித்தனியாக்கினார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் வந்தது. ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வார்கள். முதல் நாள் நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே சொடுக்கிக்கொண்டிருந்தேன். சுருள்வாள் வீரர்கள் உண்டு, எதிரியின் கவசத்தை மதிக்காத உருக்கும் உண்டு. குதிரை லாயத்தில்தான் கோட்டை விட்டார்கள், கவசக் குதிரைவீரன் கிடையாது. குதிரைக்குக் கடல் தாண்டிய வியாபாரிகளை நம்பியிருந்தவர்களுக்கு அது நியாயம்தான் என்று வையுங்கள். ஆனால் தரையில் வேகமாக ஆடுகிறவனிடம் சிக்கினால் திண்டாட்டம். தம்பி திறந்த தரையான அரேபியா வரைபடத்தைத்தான் கேட்பான், எனக்குத் தெரியும்.

அதற்கு நான் வர மாட்டேன். தீவுகள் உள்ள வரைபடம், நான் திராவிடர். துறைமுகம் கட்டக் கட்ட ஆட்களை வைத்துக்கொள்ள இடம் கூடும், மீன்பிடிப்பதிலும் எங்கள் ஆட்கள் கெட்டி. ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு, நான் பாத்திரம் கழுவி முடித்த பிறகு. அரை மணி நேரம் போதாது, ஒரு மணி நேரம் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.