அண்ணி அனுப்பிய கிளினிக் பக்கம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் அரச பாடசாலையில் ஆசிரியை நான். மூன்று வருடமாக லூபஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்). முகநூலில் அதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். மருந்து விபரம் தெரியட்டும் என்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கிளினிக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன். அண்ணி அதை மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிவிட்டார். பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. ஆத்திரத்தில் அண்ணிக்கு இரண்டு முறை கரு கலைந்ததையும், பிள்ளைக்காகச் செய்யும் வைத்தியத்தையும் முகநூலில் எழுதினேன். பெயர் போடவில்லை. மறுநாளே அழித்துவிட்டேன். இப்போது 20 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு, 14 நாள் தவணையுடன் அவருடைய சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. முதலில் துரோகம் செய்தது அவர்தானே?

பதில்: சம்பந்தம் குழம்பியதும், அண்ணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நடந்ததும் உங்கள் கடிதத்தில் நான்கு பக்கம். அதில் ஒரு வரிகூட வழக்குக்கு உதவாது. யார் முதலில் என்பதும் அப்படித்தான். பார்க்க வேண்டியது ஒன்று: அந்தப் பக்கத்தில் இருந்ததில் எது நீங்களே ஊருக்குச் சொல்லாதது?

லூபஸ் என்ற பெயர் அல்ல. அதை மூன்று வருடமாக நீங்களே சொல்லி வருகிறீர்கள். ஆனால் நீங்கள் இணைத்த பிரதியில் மைக்கோபீனோலேட் 500 மி.கி. என்று இருக்கிறது, பக்கத்திலேயே 'கர்ப்பம் தவிர்க்கவும்' என்று வைத்தியரின் கையெழுத்து. அந்த மருந்து கருவில் ஊனத்தை உண்டாக்கக்கூடியது; கருத்தரிக்க நினைப்பவர்கள் வைத்தியரிடம் பேசி குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் படித்தது அதைத்தான். உங்கள் எந்தப் பதிவிலும் அது இல்லை. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரி.

அது பலமான வரிதான், ஆனால் கைக்கு எட்டும் சட்டம் குறைவு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக வைக்கிறது. ஆனால் தனிநபர் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அது தொடாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் போனால், துன்புறுத்தும் எண்ணத்தோடு அனுப்பினார் என்று காட்ட வேண்டும். 'உண்மை தெரிந்து கல்யாணம் செய்யட்டும் என்றுதான் அனுப்பினேன்' என்பார் அண்ணி. மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு, அவசரமில்லை.

இனி உங்கள் பதிவு. அவர் அனுப்பியது ஒரு வீட்டுக்கு, நீங்கள் போட்டது ஊருக்கு. அதே 20ஆம் பிரிவு உங்கள் மேல் சுலபமாகப் பொருந்தும், ஏனென்றால் 'ஆத்திரத்தில் எழுதினேன்' என்று நீங்களே சொல்கிறீர்கள். 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பதும் நிற்காது. நம் நாட்டு அவதூறுச் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது, பொதுநன்மையும் வேண்டும். ஒரு பெண்ணின் கரு கலைந்ததில் என்ன பொதுநன்மை? பெயர் போடாததும் காப்பாற்றாது. 'என் அண்ணி' என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆள் தெரியும். அழித்தது நல்லது, ஆனால் ஸ்கிரீன்ஷொட் அவர்கள் கையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

வழக்குக் கட்சிக்காரர்கள் விழும் குழி இதற்குப் பிறகுதான். கடிதம் வந்த அன்றிரவே அதைப் படமெடுத்து 'எனக்கு நீதி வேண்டும்' என்று போடுவார்கள். பழைய விஷயம் அதனால் மீண்டும் பிரசுரமாகும், எதிர்த்தரப்புக்குப் புதிய வழக்குக் காரணம் கிடைக்கும். இல்லையென்றால் அண்ணனுக்குக் குரல்பதிவு அனுப்புவார்கள்: 'ஆமாம், நான்தான் போட்டேன், செய்வதைச் செய்யட்டும்.' அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. மூன்றாவது, பொலிஸுக்கு ஓடுவது. நீங்கள் முறைப்பாடு செய்தால் அவர் எதிர்முறைப்பாடு செய்வார். குற்றச்சாட்டு எழுந்தால் அண்ணியைவிட அரச ஊழியரான உங்களுக்குத்தான் இழப்பு அதிகம். துறைசார் விசாரணை தனியாக வரும்.

ஆகவே சமரசமாகப் போங்கள். 14 நாளுக்குள் உங்கள் சட்டத்தரணி மூலம், உரிமைகளுக்குப் பாதகமின்றி (அதாவது சமரசத்துக்காகச் சொல்வது பிறகு உங்களுக்கு எதிராகத் திரும்பாதபடி), பதில் அனுப்புங்கள். அதில் கேட்க வேண்டிய நிபந்தனைகள்: அண்ணி அந்தப் படத்தை அழிப்பது, வாங்கியவர்களையும் அழிக்கச் சொல்வது, இருவரும் மற்றவரின் நோய், கர்ப்பம், சிகிச்சை பற்றி எங்கும் எழுதுவதில்லை, பேசுவதில்லை, பணம் இல்லை. இருவரும் எழுத்தில் கையொப்பமிட வேண்டும். நீங்கள் முகநூலில் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். அது நடந்ததை இன்னொரு தடவை ஊருக்குச் சொல்வதாகும். தனிப்பட்ட கடிதத்தில் மன்னிப்புக் கேட்கலாம். வாசகத்தைச் சட்டத்தரணி எழுதட்டும்.

நோயைப் பற்றி எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. கொப்பியைப் படமெடுப்பதை நிறுத்துங்கள். மருந்தின் பெயர் தேவையென்றால் தட்டச்சு செய்து ஒருவருக்கு அனுப்புங்கள், குழுவுக்கு வேண்டாம். கிளினிக் வாங்கில் எடுக்கும் படங்களில் பக்கத்தில் இருப்பவரின் முகம் விழாமலும் பாருங்கள்.

குழுவில் நீங்கள் போட்ட அந்தச் செய்தியை இன்னும் அழிக்கவில்லையென்றால் தொடாதீர்கள். திகதி, நேரம், உறுப்பினர் பட்டியல் தெரியும்படி பிரதியெடுத்து, கோரிக்கைக் கடிதம் வந்த உறையோடு சேர்த்து இந்த வாரமே சட்டத்தரணியிடம் கொடுங்கள்.