மவுஸ் இல்லாத கணினி: வன்னியில் இருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் பற்றி வன்னிப் பக்கத்தில் இருந்து வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நானும் விழிப்புலனற்றவள்தான். கிளிநொச்சியில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலான பதில்கள் என்விடிஏ பற்றியவை. 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற விழிப்புலனற்ற இளைஞர் தொடங்கிய திரைவாசிப்பான் அது. இலவசம். "என்விடிஏ விசை" என்று நான் எழுதும் இடமெல்லாம் இன்சர்ட் என்று எடுங்கோ. லப்டொப் வைத்திருப்பவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கோ.

தருமபுரம், உயர்தர மாணவி: அக்கா, எனக்குக் கிடைச்ச லப்டொப்பில இன்சர்ட் கீ எங்க கிடக்கெண்டு தேடியே களைச்சுப் போறன். பழகித்தந்த ஆக்கள் சொன்ன கட்டளையளில பாதி வேலை செய்யுதில்லை.

தங்கச்சி, பிழை உங்களில் இல்லை. என்விடிஏக்கு இரண்டு கீபோட் அமைப்பு உண்டு: டெஸ்க்டொப், லப்டொப். உங்களுக்குப் பழக்கியவர் டெஸ்க்டொப் அமைப்பில் பழகியவராக இருக்கும். விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்துங்கோ. அம்பு விசைகளால் நகர்ந்து என்விடிஏ என்று கேட்டதும் என்டர் அடித்தால் அதன் மெனு திறக்கும். அங்கே கேட்கவில்லை என்றால் மறைந்திருக்கும் ஐகன்களுக்குள் இருக்கும். அமைப்புகளில் கீபோட் பகுதிக்குப் போய் அமைப்பை லப்டொப் என்று மாற்றி, கப்ஸ் லொக்கை என்விடிஏ விசையாகத் தெரிவுசெய்யுங்கோ. இனி இடது சின்னி விரலுக்குப் பக்கத்திலேயே விசை இருக்கும். பெரிய எழுத்து அடிக்கக் கப்ஸ் லொக் வேண்டுமென்றால் அதை விரைவாக இரண்டு தரம் தட்டினால் போதும்.

இரண்டு அமைப்பிலும் பெரும்பாலான கட்டளைகள் ஒன்றுதான். மாறுகிறவற்றில் முக்கியமானவை இரண்டு. தொடர்ந்து வாசிக்க டெஸ்க்டொப்பில் என்விடிஏ விசையும் கீழ் அம்பும், லப்டொப்பில் என்விடிஏ விசையும் ஏ எழுத்தும். இருக்கும் வரியை மட்டும் வாசிக்க, அதே என்விடிஏ விசையோடு டெஸ்க்டொப்பில் மேல் அம்பு, லப்டொப்பில் எல் எழுத்து.

புதுக்குடியிருப்பு, 48 வயது: 2009இல செல் பட்டு ரெண்டு கண்ணும் போச்சு. மகன் இப்பதான் கொம்பியூட்டர் வாங்கித் தந்தவன். அது நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டே இருக்குது, ஒண்டும் விளங்குதில்லை. இந்த வயசில சரிவருமோ?

சரிவரும் அண்ணை. ஆனால் ஒழுங்கை மாற்றவேணும். எல்லாரும் முதலில் "எப்படித் திறக்கிறது, எப்படி எழுதுகிறது" என்று தொடங்குகிறார்கள். நான் சொல்வது, முதலில் அதன் வாயை மூடப் பழகுங்கோ. கொன்ட்ரோல் விசையை ஒரு தரம் தட்டினால் பேச்சு நின்றுவிடும். ஷிப்ட் தட்டினால் இடைநிறுத்தி, மறுபடி தட்ட விட்ட இடத்தில் இருந்து தொடரும். கதையை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது, "நான் இப்ப எங்கே நிற்கிறன்?" என்று கேட்கப் பழகுங்கோ. என்விடிஏ விசையோடு டாப் அழுத்தினால் எந்தப் பொருளில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். டைட்டிலின் ரீ எழுத்தோடு அழுத்தினால் எந்த யன்னல் திறந்திருக்கிறது என்று சொல்லும். இருக்கும் வரியை வாசிக்கிற கட்டளை மூன்றாவது. இந்த மூன்றும் கைக்கு வராத ஒருவருக்கு நான் வேறு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்வை உள்ளவர் தொலைந்தால் ஒரு பார்வையில் இடத்தைப் பிடித்துவிடுவார். எங்களுக்கு அந்தப் பார்வை இந்த மூன்று கட்டளைதான்.

வேகத்துக்கு, என்விடிஏ விசையோடு கொன்ட்ரோலையும் பிடித்து இடம் வலம் அம்புகளை அழுத்தினால் குரல், வேகம், உயரம் என்று ஒவ்வொன்றாக வரும். "வேகம்" என்றதும் கீழ் அம்பால் குறையுங்கோ. லப்டொப் அமைப்பில் ஷிப்டையும் சேர்த்துப் பிடிக்கவேணும். வெட்கப்படாமல் நன்றாகக் குறையுங்கோ, காது பழகப் பழகத் தானாகக் கூட்டுவீர்கள். தமிழ்க் குரல் வேண்டுமென்றால் இணையம் உள்ள நேரம் விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை இறக்குங்கோ. வள்ளுவர் என்ற பெயரில் வரும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக்கிலும் தமிழ் உண்டு, ஆனால் அது இயந்திரக் குரல். புதிதாகப் பழகுகிறவருக்கு வள்ளுவர்தான் நல்லது என்பது என் எண்ணம்.

எல்லாம் சரிசெய்தபின் என்விடிஏ விசை, கொன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கோ. கணினியை ஒழுங்காக மூடினால் அது தானாகவும் சேமிக்கும்தான். ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லையே.

மல்லாவி, ஒரு தாய்: மகன் எட்டாம் ஆண்டு. கட்டளைப் பட்டியலை முழுக்கப் பாடமாக்கச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளை பட்டியலைத்தான் சொல்லும், கணினியைப் பாவிக்காது. என்விடிஏ விசையோடு எண் 1ஐ அழுத்திவிட்டு அவனைக் கீபோட்டில் விளையாட விடுங்கோ. அந்த நிலையில் எந்த விசையைத் தட்டினாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லுமே தவிர எதையும் செய்யாது, ஒன்றும் அழியாது. முடிந்ததும் அதே கட்டளையால் வெளியே வரலாம். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும், சுட்டுவிரல்களை அங்கே வைத்துப் பழக்குங்கோ. மவுஸைக் கழற்றி வையுங்கோ. பக்கத்தில் இருந்து "நான் கிளிக் பண்ணித் தாறன்" என்று உதவுகிற அன்புதான் பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது.

வவுனியா, மாணவன்: தமிழில வாற பாடக்குறிப்புகளை என்விடிஏ ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வாசிக்குது. என்ர கணினி பழுதோ?

கணினி நல்லாத்தான் இருக்கிறது தம்பி. அந்தக் குறிப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஜே, கே, பீ, ஓ, செமிகோலன். எழுத்துரு அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கண்ணுக்கு உருவம் தெரியும். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடப்பதை வாசிக்கிறது. யுனிகோடில் அடித்தால் உள்ளே கிடப்பதும் தமிழ்தான்.

வேர்டில் சந்தேகம் வந்தால் அந்த வரியில் நின்று என்விடிஏ விசையோடு எஃப் எழுத்தை அழுத்துங்கோ, எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி என்றால் முழுவதையும் தெரிந்து, நகலெடுத்து, இணையத்தில் இருக்கும் பாமினி-யுனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து குழம்பும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேணும்.

பிடிஎஃப் வந்து அதில் ஒன்றுமே வாசிக்கவில்லை என்றால் அது ஸ்கான் செய்த படம். என்விடிஏ விசையோடு ஆர் எழுத்து படத்தில் உள்ள எழுத்தை வாசிக்க முயலும். ஆனால் அது விண்டோஸின் எழுத்துணரியை நம்பியிருக்கிறது, அதில் தமிழ் இல்லை. தமிழ்ப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறவுங்கோ, ஓரளவு நல்ல தமிழாக வரும்.

இதெல்லாம் உங்கள் தலையில் விழவேண்டிய வேலை இல்லை என்பதையும் சொல்லவேணும். ஆசிரியர்களே, அலுவலர்களே, இதைப் படித்தால் தயவுசெய்து யுனிகோடில் அடியுங்கோ. விண்டோஸில் தமிழ்க் கீபோட் இருக்கிறது, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்த மாறும். நீங்கள் மாற்றிக்கொண்டால் ஒரு வகுப்பில் இருக்கிற விழிப்புலனற்ற பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு அதே நேரத்தில் அதே குறிப்பைப் படிக்கும்.

ஒட்டுசுட்டான்: இணையத்தளம் ஒண்டைத் திறந்தால் மேல இருந்து எல்லாத்தையும் வாசிச்சு முடிக்க அரை மணித்தியாலம். படிவம் நிரப்ப வெளிக்கிட்டால் எழுத்தே விழுதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இணையப் பக்கத்தில் என்விடிஏ உலாவும் நிலையில் இருக்கும். அந்த நிலையில் எழுத்துகள் எழுத்தாக விழாது, தாவும் கட்டளையாகும். தலைப்பில் இருந்து தலைப்புக்குத் தாவ ஹெடிங்கின் எச், இணைப்புக்கு கே, படிவப் பெட்டிகளுக்கு ஃபோமின் எஃப், பட்டனுக்கு அதன் பி. ஷிப்டோடு அழுத்தினால் பின்னோக்கிப் போகும். பக்கம் திறந்ததும் கொன்ட்ரோலால் வாயை மூடிவிட்டு எச் தட்டிப் பாருங்கோ. செய்தித்தளம் என்றால் பெரும்பாலும் அதுவே போதும். என்விடிஏ விசையும் எஃப் 7உம் இணைப்புகளையும் தலைப்புகளையும் பட்டியலாகத் தரும்.

பெட்டிக்குள் எழுத, அதில் நின்று என்டர் அடிக்கவேணும். ஒரு சத்தம் கேட்டால் எழுதும் நிலைக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். எஸ்கேப் அடித்தால் திரும்பலாம். தானாக மாறாத பிடிவாதமான பக்கங்களில் என்விடிஏ விசையும் ஸ்பேஸும்.

பரந்தன்: ஜோஸ் நல்லமெண்டு சொல்லுகினம். அதையோ பழகிறது?

ஜோஸும் ஒரு திரைவாசிப்பான்தான். நல்ல மென்பொருள், ஆனால் விலை உண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மீளத் தொடங்கவேணும். என்விடிஏ பழகுங்கோ.

முல்லைத்தீவு: எனக்கெண்டு கணினி இல்லை. நூலகத்திலயும் சிநேகிதன் வீட்டிலயும்தான்.

என்விடிஏ மெனுவில் கருவிகளுக்குள் போனால் எடுத்துச்செல்லும் பிரதி உருவாக்க வழி இருக்கிறது. அதைப் பென்டிரைவில் வைத்தால் உங்கள் குரல், வேகம், அமைப்பு எல்லாம் உங்களோடு வரும். பென்டிரைவும் இல்லாத நேரம் விண்டோஸ், கொன்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்துங்கோ. விண்டோஸ் 10, 11இல் அதனோடேயே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கும். சிநேகிதன் வீட்டில் பழைய விண்டோஸ் 7 என்றால் புதிய என்விடிஏ ஏறாது. 2023.3 வரிசைதான் அதற்குக் கடைசி.

விசுவமடு: திடீரெண்டு பேச்சு நிண்டுட்டுது. வீட்டில கண் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

கை தவறி என்விடிஏ விசையோடு எஸ் அழுத்தியிருப்பீர்கள். மறுபடி மறுபடி அழுத்த, பேச்சு திரும்பி வரும். வராவிட்டால் கொன்ட்ரோல், அல்ட், என். என்விடிஏ புதிதாகத் தொடங்கும்.

கிளிநொச்சி, பெயர் வேண்டாம்: வங்கிக் கணக்குப் பார்க்கேக்க பக்கத்தில நிக்கிறவையும் பார்க்கினமோ எண்டு பயமா இருக்கு.

நியாயமான பயம். என்விடிஏ விசை, கொன்ட்ரோல், எஸ்கேப். திரை கறுத்துவிடும், உங்களுக்குப் பேச்சு மட்டும் கேட்கும். இயர்போனும் போட்டுக்கொள்ளுங்கோ.

மாங்குளம்: கூட்டுறவுச் சங்கத்தில வேலை கிடைக்கும் போல இருக்கு. எக்செல் தெரியவேணுமாம். கட்டத்துக்குள்ள போனால் வெறும் எண் மட்டும் கேட்குது, அது என்ன எண் எண்டு தெரியுதில்லை.

வாழ்த்துகள். தலைப்பு வரிசையின் முதல் கட்டத்துக்குப் போய், அதாவது "பெயர்", "தொகை" என்று எழுதியிருக்கும் வரிசையில் முதலாவதில் நின்று, என்விடிஏ விசை, ஷிப்ட், சி அழுத்துங்கோ. அதன்பிறகு இடம் வலமாக நகர, எண்ணுக்கு முன் "தொகை" என்று நிரலின் தலைப்பையும் சொல்லும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஆட்களின் பெயர் இருந்தால் முதல் பெயரில் நின்று அதேபோல ஆர் எழுத்தோடு அழுத்துங்கோ. மேலும் கீழும் போகும்போது யாருடைய கணக்கு என்று கேட்கும். கட்டத்துக்குள் திருத்த எஃப் 2. நேர்முகத்துக்கு முன் வீட்டுச் செலவையே ஒரு தாளாக அடித்துப் பழகுங்கோ. முடிந்தால் அந்த அலுவலகத்துக் கணினியில் என்விடிஏ நிறுவ அனுமதி தருவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கோ. எடுத்துச்செல்லும் பிரதியால் நிர்வாகி அனுமதி கேட்கும் திரைகளையும் உள்நுழையும் திரையையும் வாசிக்க முடியாது.