கிருமி போன பின்பும் வயிறு ஏன் வலிக்கிறது?

“ஆறு மாதங்களுக்கு முன் ஒரு விருந்துச் சாப்பாட்டால் வாந்தி, பேதி வந்து நான்கே நாளில் சரியாகிவிட்டது. அதன் பிறகு சப்பாத்தி சாப்பிட்டாலும் பால் குடித்தாலும் வயிற்றைப் பிசைகிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்கிறார்கள். இது என் கற்பனையா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கற்பனை இல்லை, அம்மா. குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, கிருமி நீங்கிய பின்பும் வலியும் கழிச்சலும் தொடர்கின்றன. இதைத் தொற்றுக்குப் பிந்தைய ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்கிறோம். கொலோனோஸ்கோபியில் புண்ணும் கட்டியும் தெரியுமே தவிர, செல்லுக்கும் நரம்புக்கும் இடையே நடப்பது தெரியாது.

குடற்சுவரில் மாஸ்ட் செல் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் நரம்பு இழைகளை ஒட்டியே இருக்கின்றன. ஐ.பி.எஸ். உள்ளவர்களின் பெருங்குடல் திசுவை ஆராய்ந்த இத்தாலியின் பொலோன்யா ஆய்வாளர்கள், நரம்பிலிருந்து 5 மைக்ரோமீட்டருக்குள், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள், தூண்டப்பட்ட மாஸ்ட் செல்கள் கூடக் கூட வலியும் கடுமையாக இருந்ததை 2004இல் வெளியிட்டனர். தூண்டப்பட்ட மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அது நரம்பில் அதற்கென உள்ள எச்1 என்னும் ஏற்பியில் பூட்டில் சாவி போலப் பொருந்தி, மிளகாயின் காரத்தை உணரும் அதே டிஆர்பிவி1 என்னும் நரம்புக் கதவு சட்டென்று திறந்துகொள்ளும்படி செய்துவிடுகிறது. அதன் பிறகு வாயு சேர்ந்து குடல் சற்று விரிந்தாலும் அது வலியாகவே மூளைக்குப் போகும். நரம்பும் தன் பங்குக்கு சப்ஸ்டன்ஸ் பி என்னும் பொருளைச் சுரந்து மாஸ்ட் செல்லை மறுபடி தூண்டுவதால், ஒன்றை ஒன்று கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும்.

உணவு இதில் எப்படி வந்து மாட்டிக்கொள்கிறது என்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2021இல் காட்டியது. தொற்று இருந்த வேளையில் சுண்டெலிகளுக்கு முட்டைப் புரதம் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பின் அதே புரதம் உள்ளே போனதும் குடல் வலியை அதிகமாக உணர்ந்தது, ஏனெனில் கிருமியோடு வந்த உணவையும் பகையாகக் கருதி, அதற்கு எதிராக, அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைக் குடல் தனக்குள்ளேயே உருவாக்கியிருந்தது. பிறகு ஐ.பி.எஸ். உள்ள 12 பேரின் குடற்சவ்வில் கோதுமை, பால், சோயா போன்றவற்றை ஊசியால் செலுத்தியபோது, 12 பேருமே ஏதேனும் ஒன்றுக்காவது எதிர்வினை காட்டினர். இந்த எதிர்ப்பு குடலோடு நின்றுவிடுவதால் தோலிலும் இரத்தத்திலும் செய்யும் அலர்ஜி சோதனையில் தெரியாமல் போகலாம். அதற்காக உங்கள் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மனதுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. மன அழுத்தத்தில் சுரக்கும் சி.ஆர்.எச். என்னும் ஹார்மோன் மாஸ்ட் செல்லையும் தூண்டும். கவலையான நாளில் வலி கூடுவதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

கோதுமையை நிறுத்தும் முன்பே, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். மலத்தில், குடல் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்ப்ரொடெக்டின் என்னும் புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கோதுமை, பால் என ஒவ்வொன்றாக நிறுத்தி, மறுபடி சேர்த்து, வலி வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ஹிஸ்டமின் தடுப்பு மருந்து சிலருக்குப் பலன் தந்திருக்கிறது என்றாலும், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், இந்தப் பரீட்சைகளை நிறுத்திவிட்டு உடனே குடல் நோய் மருத்துவரிடம் செல்லுங்கள்.