இன், ஆன், அட்: எங்கே எதைப் போடுவது?

டீச்சர், மகள் தொடக்கநிலை நான்கு. ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு ‘ஆன்’, டாக்சிக்கு ‘இன்’ என்கிறார்கள். இரண்டும் வண்டிதானே?

நல்ல கேள்வி. தமிழில் பஸ்ஸில், மேசையில், வாசலில் என்று ஒரே ‘இல்’ எல்லா வேலையும் செய்துவிடும். ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு புள்ளியாக நினைத்தால் அட், பரப்பின் மேல் என்றால் ஆன், நான்கு பக்கமும் சூழ்ந்த இடம் என்றால் இன். பஸ், ரயில், கப்பல், விமானம் இவற்றில் ஏறி, எழுந்து நடக்கலாம், அதனால் ஆன். டாக்சியில் குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும், அதனால் இன். சைக்கிளில் மேலே உட்காருகிறோம், மறுபடி ஆன்.

ஒரு மாணவி, பாட்டி மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட கதையை ‘அட் த லிஃப்ட்’ என்று எழுதியிருந்தாள். பாட்டி வெளியே காத்திருக்கிறார் என்றே படித்துக்கொண்டு போனேன். மூன்று வரி தள்ளி அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார்! பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ஆள் எங்கே நிற்கிறார் என்று படம் வரையச் சொல்லுங்கள்.

அரைவ் இன்னா, அரைவ் அட்டா?

சிங்கப்பூருக்கு இன், சாங்கி விமான நிலையத்துக்கு அட். அரைவ் டு வேண்டவே வேண்டாம்.

‘ஐ லிவ் அட் யீஷூன்’ சரியா?

வட்டாரம் பெரியது, அதற்குள் வாழ்கிறீர்கள், ஆகவே இன். ஆனால் தோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது அது வழியில் ஒரு புள்ளி, அங்கே அட்.

கடை சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது. இன்னா, ஆனா, அலாங்கா?

வீட்டு எண் வந்தால் சண்டையே இல்லை, அட். வீரமாகாளியம்மன் கோயில் ‘அட் 141 சிராங்கூன் ரோடு’. எண் இல்லாவிட்டால் அமெரிக்கர்கள் ஆன் என்பார்கள், பிரிட்டனில் இன் என்றும் சொல்வார்கள். நம் சிங்கப்பூரில் அலாங்.

அலாங் என்றால் நடந்து போவதற்கு மட்டும்தானே? கடை நடக்குமா?

நடக்க வேண்டியதில்லை. சாலையோரம் வரிசையாக நிற்கும் மரங்களுக்கும் அலாங்தான். ஒற்றைக் கடைக்கு அதைப் போடுவது நம் ஊர்ப் பழக்கம், பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள்.

நாம் படிப்பது பிரிட்டிஷ் ஆங்கிலம், அப்படியானால் ஆன் தவறு!

தவறில்லை. பெரிய சாலைக்கு அவர்களும் ஆன் சொல்கிறார்கள். கட்டுரையில் ஆன் எழுதுங்கள், இதை இத்துடன் விடுவோம்.

எம்ஆர்டி ரயிலுக்கு ஆன் ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

டிஸ்கஸ் அபவுட்?

இது இடத்தைப் பற்றியதே இல்லை. அபவுட்டை எடுத்துவிடுங்கள்.

அப்பாவைப் பார்க்கப் போனபோது மேலாளருக்கு ‘ஐ ஆம் இன் ஹாஸ்பிட்டல்’ என்று அனுப்பினேன். அவர் பதறிவிட்டார்.

பதறாமல் என்ன செய்வார்? அப்படிச் சொன்னால் படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்பாதான் இன் ஹாஸ்பிட்டல், நீங்கள் அட் த ஹாஸ்பிட்டல். முதலில் மேலாளருக்குச் சொல்லிவிடுங்கள். அப்பா நலமாகட்டும்.