சுவிட்சர்லாந்தில் ரயிலேறிச் சுற்ற: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எட்டு நாளில் சூரிக், லூசர்ன், இன்டர்லாக்கன், செர்மாட், செயின்ட் மோரிட்ஸ், லுகானோ, ஜெனீவா எல்லாம் பார்க்க நினைக்கிறோம். சரிவருமா?

ரயில் எல்லா ஊருக்கும் இருக்கிறது. ஆனால் ஏழு ஊரில் ஏழு அறை எடுத்தால், தினமும் காலையில் பெட்டி கட்டுவதிலும் மதியம் அறைச் சாவிக்குக் காத்திருப்பதிலும் பாதி நாள் போய்விடும். மலை தெளிவாகத் தெரிகிற நேரம் பெரும்பாலும் காலைதான்; அந்த நேரத்தை ஹோட்டல் வரவேற்பறையில் கழிக்காதீர்கள்.

லூசர்னில் இரண்டு இரவு, இன்டர்லாக்கன் பக்கம் நான்கு, கிழக்கே கூர் (Chur) என்ற ஊரில் இரண்டு. இதுதான் என் யோசனை. இன்டர்லாக்கனிலிருந்து செர்மாட் இரண்டே கால் மணி நேரம். ஸ்பீட்ஸ், விஸ்ப் இரண்டு இடத்தில் மாறி காலையில் போய் இரவு திரும்பலாம். கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் இரண்டு மணி நேரம். லுகானோவையும் ஜெனீவாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக வையுங்கள். மழை வந்தால் நகரத்துக்கும் வெயில் அடித்தால் மலைக்கும் போக அந்த நாள் கைகொடுக்கும்.

டிராவல் பாஸ் எடுப்பதா, பாதிக் கட்டண அட்டை எடுப்பதா? நாங்கள் இருவர், 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. ரயில், பேருந்து, ஏரிப் படகு, நகரத்து டிராம் எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலைக்கும் தனியாகக் காசு கிடையாது. ஆனால் உயரமான மலைகளில் அதன் வேலை குறைந்துவிடும். யுங்ஃப்ராவ்யோக் போக கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும். அதற்கு மேல் 25 சதவீதம்தான் தள்ளுபடி. பாதிக் கட்டண அட்டைக்கு அங்கேயும் பாதி விலை.

ஆகவே தினமும் ஊர் ஊராகச் சுற்றி படகும் ஏறுகிறவர்களுக்கு பாஸ். ஓரிடத்தில் தங்கி யுங்ஃப்ராவ்யோக், கோர்னர்கிராட் என்று விலையுயர்ந்த மலைகள் ஏறுகிறவர்களுக்கு பாதிக் கட்டண அட்டை. ஒரு தாளில் நாள்வாரியாகக் கட்டணத்தை எழுதிக் கூட்டிப் பாருங்கள். அரைமணி நேர வேலை. ரயில்வே செயலியில் தெரிகிற விலை முழுக் கட்டணமா, பாதிக் கட்டண அட்டைக்காரருக்கான விலையா என்று பயணி விவரத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். பலர் கணக்கைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 6 முதல் 15 வயது வரை, பாஸ் வைத்திருக்கும் பெற்றோரோடு வந்தால் இலவசம். அதற்கான குடும்ப அட்டையை பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

செயலி காட்டும் வழியில் ரயில் மாற ஆறு நிமிடம்தான் இருக்கிறது. வயதான அம்மாவோடு வருகிறேன். பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்த ஆறு நிமிடம் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 1982ல் இந்த நாடு மணிக்கு ஒரு ரயில் என்று ஒரே தாளகதியில் அட்டவணை போட்டது. பிறகு பெரிய நிலையங்களை முடிச்சுகளாக வைத்து, முழு மணிக்குச் சற்று முன்னால் எல்லாப் பக்கத்து ரயில்களும் வந்து சேர்வது, மணி தாண்டியதும் எல்லாம் கிளம்புவது என்று அமைத்தார்கள். அதற்கு பெர்ன்–சூரிக் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். புதிய பாதை போட்டு 2004 டிசம்பரில் அதை 56 நிமிடமாக்கினார்கள். ரயில் பறக்க வேண்டும் என்பதற்காக அல்ல, அடுத்த ரயில் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை. உங்கள் ஆறு நிமிடமும் அப்படித் திட்டமிட்டு விட்ட இடைவெளிதான். பல இடங்களில் நீங்கள் ஏற வேண்டிய ரயில் எதிர் நடைமேடையிலேயே நிற்கும்.

தவறினாலும் மோசமில்லை. முக்கியப் பாதைகளில் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ அடுத்தது வரும். பாஸும் சாதாரணச் சீட்டும் குறிப்பிட்ட ரயிலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மலிவுச் சலுகைச் சீட்டு மட்டும் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். அம்மா வருவதால் அதை வாங்காதீர்கள். சூரிக் பெரிய நிலையத்தில் மட்டும் கவனம்: 31 முதல் 34 வரையும் 41 முதல் 44 வரையும் உள்ள நடைமேடைகள் தரைக்கடியில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. அங்கே பதினைந்து நிமிடமாவது இருக்கும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவிடம் நிலையக் கடிகாரத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு நொடிமுள் உச்சிக்கு வந்ததும் ஒன்றரை நொடி போல அப்படியே நிற்கும். நிமிடமுள் ஒரு குதி குதித்ததும் மறுபடி கிளம்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொன்று. இன்டர்லாக்கன் ஓஸ்ட்டிலிருந்து மலைக்குப் போகும் ரயில் ஸ்வைலுட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன், மறு பாதி கிரிண்டெல்வால்ட். பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். குடும்பத்தில் பாதிப் பேர் ஒரு பெட்டியிலும் மீதிப் பேர் இன்னொன்றிலும் ஏறிவிட்டால், பள்ளத்தாக்கே வேறாகிவிடும்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக் கூரைச் சுற்றுலா ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பயணத்தையே தள்ளிப்போடலாமா?

வேண்டாம். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், சுமார் எட்டு மணி நேரம், 291 பாலம், 91 சுரங்கம். இதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. பிரிக், அண்டர்மாட், டிசென்டிஸ், கூர் என்று மாறி மாறிப் போகலாம். முன்பதிவு தேவையில்லை, பாஸ் போதும். பிரிக்கில் இந்தச் சிவப்பு ரயில் நிலையக் கட்டடத்துக்கு வெளியே, முன்பக்கச் சதுக்கத்திலிருந்து கிளம்பும், உள்ளே தேடாதீர்கள்.

கண்ணாடிக் கூரை கிடைக்காது, உண்மை. ஆனால் அலுத்தால் அண்டர்மாட்டில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். 2033 மீட்டர் உயர ஓபரால்ப் கணவாயை ஏறும்போது நடுவில் பல்தண்டவாளத்தைப் பல்சக்கரம் கவ்வுவது உங்களுக்கே தெரியும். அது சுவிஸ் பொறியாளர் ஆப்ட் கண்டுபிடித்த முறை. நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் ஏறுவதும் அதே முறையில்தான். அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கடகடப்பு பழகிய சத்தம்.

யுங்ஃப்ராவ்யோக் சீட்டை இப்போதே வாங்கிவிடலாமா?

வானிலை பார்க்காமல் வாங்காதீர்கள். 3454 மீட்டர் உயரம்; மேகம் மூடினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மலையுச்சி கேமராப் படங்கள் இணையத்தில் நேரலையாக வரும். முதல் நாள் இரவும் அன்று காலையும் பார்த்து முடிவெடுங்கள். மேலே மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். இதய, மூச்சுக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

செலவு அதிகம் என்றால் லாட்டர்புருன்னனிலிருந்து ம்யூரன் போங்கள். கேபிள் காரும் சின்ன ரயிலும் பாஸிலேயே அடக்கம். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் எதிரே நிற்கும்.

பெட்டிகள்?

ஆளுக்கு ஒன்று, உங்களாலேயே தூக்க முடிகிற அளவு. போர்ட்டர் கிடையாது. பெரிய பெட்டியை நிலையத்தில் கொடுத்தால் நீங்கள் சொல்லும் நிலையத்தில் நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுங்கள். தயிர், ரொட்டி, பழம் எல்லாம் கோஆப், மிக்ரோஸ் கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை திறந்திருக்கும். சூரிக்கிலும் பெர்னிலும் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. அரிசி, மிளகாய்த்தூளுக்கு அங்கே போங்கள்.

செயின்ட் மோரிட்ஸிலிருந்து போகும் பெர்னினா மலை ரயில் இத்தாலியில் முடிகிறதாமே, விசா?

ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் போதும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சாதாரண ரயிலிலேயே போங்கள். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ இரண்டரை மணி நேரத்துக்குள். பல்சக்கரம் இல்லாமலே 2253 மீட்டர் உயரம் வரை ஏறி, ஒரே மூச்சில் 429 மீட்டருக்கு இறங்கும். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். லாகோ பியாங்கோ ஏரியும், ப்ரூசியோவில் ரயில் தன்னையே சுற்றி இறங்கும் வட்டப் பாலமும் அந்தப் பக்கம். திரானோ வந்ததும் தண்டவாளம் தெருவுக்கே வந்துவிடும். மடோன்னா தேவாலயத்தின் முன்னால் கார்கள் நிற்க, ரயில் மெல்ல ஊர்ந்து போகும். திரும்பும்போது இடப்பக்கம்.