மறு: கையெழுத்து வாங்கியும் தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள், தேவை ஆவணத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட பிறகும் வாரத்துக்கு ஒன்று புதுசாகக் கேட்கிறார், வாட்டர்ஃபாலை (எல்லாத் தேவையையும் முதலிலேயே முடிவுசெய்து, கட்டம் கட்டமாகச் செய்துகொண்டு போகும் முறை) விட்டு அஜைலுக்கு (கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறை) மாறலாமா என்கிறீர்கள். மாறுங்கள், ஆனால் அதனால் மட்டும் இது தீராது. வாட்டர்ஃபாலின் கட்டங்களைக் காட்டும் படத்தை 1970-ல் ஒரு கட்டுரையில் போட்ட மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸே, சோதனை கடைசியில்தான் வருகிறது, அதனால் இது ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார் (படத்தைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே படிக்கவில்லை போல).

நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்பதில்தான் சிக்கல். அண்ணாச்சி விற்பனையைச் சொல்வார். மாவு வாங்கிப் போய் வீட்டில் தேய்த்துக் கொண்டுவரும் பெண்களின் கூலி, முன்பணம், எடைக் குறைவு எல்லாம் கணக்குப்பிள்ளையின் நோட்டில்தான் இருக்கும், அதுவும் ஓரத்தில் பென்சிலில். ஒரு நாள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அப்புறம் கூலி ரசீதுக்கு மட்டும் தாளில் ஒரு மாதிரி வரைந்து கணக்குப்பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு தேவை விடுபட்டிருக்கிறது.

'சீக்கிரம் வரணும்' என்று எழுதி வைக்காதீர்கள், '2 நொடிக்குள் ரசீது' என்று சோதித்துப் பார்க்கிற மாதிரி எழுதுங்கள். புதுசாக ஒன்று கேட்டால் யாருக்கு, எதற்கு, இதனால் எது தள்ளிப்போகும் என்று அங்கேயே குறித்து அண்ணாச்சியிடம் காட்டுங்கள், பாதியை அவரே வேண்டாம் என்பார்.