டர்போ காருக்கான எரிபொருள் பாகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ பொருத்தி 300 குதிரைத்திறன் எடுக்க எண்ணியிருக்கிறேன். நிமிடத்துக்கு 1000 மி.லி. பாய்ச்சும் இன்ஜெக்டரே (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரியது தேவையா?

பதில்: தேவையில்லை. டர்போ பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.28 கிலோ எரிபொருள் குடிக்கும். அந்தக் கணக்கில் உங்களுக்கு மணிக்கு 84 கிலோவும், ஓர் இன்ஜெக்டருக்கு 21 கிலோவும் ஆகும். 7000 ஆர்பிஎம்மில் இரண்டு சுழற்சிகள் கொண்ட ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லி விநாடிதான். அதில் 80 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைக்காமலிருப்பதே பாதுகாப்பு என்பதால், நிமிடத்துக்கு 590 மி.லி. அளவில் கணக்கு வந்து நிற்கிறது. 650 வாங்கினால் போதுமான இடைவெளி இருக்கும். ஆனால் அந்த எண் எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டது என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 3 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) அளந்த இன்ஜெக்டரையே 4 பாரில் அளந்தால் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். விளம்பரங்களில் இந்த விவரத்தைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

கேள்வி: என்னிடம் மணிக்கு 255 லிட்டர் தரும் எரிபொருள் பம்ப் இருக்கிறது. அதே 300 குதிரைத்திறனுக்குத் தேவை சுமார் 113 லிட்டர்தான் என்று கணக்கிட்டேன். அப்படியிருந்தும் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது கலவையில் எரிபொருள் குறைந்து மெலிந்துபோகிறது. பம்ப் பழுதா?

பதில்: பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் அதன் முனையில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள், அதுவும் எஞ்சின் சுமையில் ஓடும்போது. பாட்டரியில் 14 வோல்ட் இருக்கும். பழைய மெல்லிய ஒயர் வழியாகப் பம்ப்பை அடையும்போது அது 12-க்கும் கீழே போயிருக்கலாம்; வோல்ட் குறைந்தால் பம்ப் தரும் எரிபொருளும் குறையும். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான ஒயரை நேராக இழுத்து, பழைய ஒயரை ரிலேயை (மின்சார சுவிட்ச்) தூண்ட மட்டும் வைத்துக்கொண்டால் பல கார்களில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பெரிய பம்ப் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: 255 என்பது பொதுவாக 3 பார் அளவில் சொல்லப்படுவது. அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.2 பார் என்றால் உங்கள் பம்ப் 4.2 பாரை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். அந்த அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்பதை அதன் அழுத்தம்-பாய்ச்சல் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) போகும் சிறிய வேக்கம் குழாய் அவசியமா? என் காரில் அது இல்லை.

பதில்: டர்போ எஞ்சினில் மிகவும் அவசியம். எரிபொருள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் பொதுக் குழாய்) 3 பார் அப்படியே நிற்க, மேனிஃபோல்டில் 1.2 பார் பூஸ்ட் எதிர்த்து அழுத்தினால், இன்ஜெக்டரின் முனையில் உண்மையான வித்தியாசம் 1.8 பார்தான். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் சுமார் 22 சதவீதம் எரிபொருள் குறைந்துவிடும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். குழாய் இணைந்திருந்தால் ரெகுலேட்டர் பூஸ்டுக்குச் சமமாக ரெயில் அழுத்தத்தையும் உயர்த்தும். ரெயிலில் ரெகுலேட்டர் இல்லாத ரிட்டர்ன்லெஸ் அமைப்பில் (ரெயிலிலிருந்து மிச்ச எரிபொருள் டாங்குக்குத் திரும்பாத அமைப்பு) இந்தக் குறையை இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) சரிக்கட்டுகிறதா என்பதை, அதன் அமைப்புகளை மாற்றித்தரும் ட்யூனரிடம் கேளுங்கள்.

கேள்வி: இன்ஜெக்டரை மாற்றிய பின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) எஞ்சின் தடுமாறுகிறது.

பதில்: புதிய இன்ஜெக்டரின் டெட் டைம் (திறப்பதில் ஏற்படும் தாமதம்) இசியுவில் ஏற்றப்படவில்லை என்று தோன்றுகிறது. மின்சாரம் வந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. 14 வோல்டில் சுமார் ஒரு மில்லி விநாடி தாமதமாகும், வோல்ட் குறையக் குறையத் தாமதம் கூடும். ஐடிலில் இன்ஜெக்டருக்கு மின்சாரம் தரும் மொத்தத் துடிப்பே இரண்டு மில்லி விநாடி என்றால் பாதி அந்தத் தாமதத்திலேயே போய்விடுகிறது. டெட் டைம் அட்டவணை தராத இன்ஜெக்டரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: இ85 எரிபொருளுக்கு (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) மாறினால்?

பதில்: கன அளவில் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். இன்ஜெக்டர், பம்ப் இரண்டையும் அந்தக் கணக்கில் மீண்டும் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரில் காகிதத்துக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வலை இருக்கட்டும். டாங்கினுள் போடும் குழாய் எரிபொருளில் மூழ்கியிருக்கவென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் வெளிப்புறத்திலிருந்தே ஊறி வீங்கிவிடும்.

கேள்வி: நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கும் (எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பது) இந்தக் கணக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அங்கு எரிபொருளை உள்ளிழுப்பு அடியிலும், அமுக்க அடியின் ஒரு பகுதியிலும் மட்டுமே செலுத்த முடியும் என்பதால் 80 சதவீத வரம்புக்கு அங்கே பொருளில்லை. கேம் ஷாஃப்ட் ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப்பின் திறன்தான் முதல் தடையாக வரும். அதையே முதலில் பாருங்கள்.